பணம் தராத விருது, புத்தகம் தரும் விருது

இளம் கவிஞர்களுக்கு ஒரு விருது என்றதும் நாம் முதலில் கேட்பது தொகை எவ்வளவு என்றுதான். ஸ்பானிய மொழியில் எழுத வரும் இளைஞர்கள் பெரிதும் மதிக்கும் அதோனாய்ஸ் விருதில் இப்போது பணமே கிடையாது. வெனான்சியோ பிளாங்கோ என்ற சிற்பி வடித்த ஒரு சிற்பம் தருவார்கள். கவிதைகளை மாட்ரிட்டின் ரியால்ப் பதிப்பகம் அதோனாய்ஸ் நூல்வரிசையில் புத்தகமாகப் போடும். அவ்வளவுதான். ஒரு புதுக் கவிஞருக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த விருது தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். ஸ்பெயினின் பெரும் கவிஞர் லோர்காவை 1936இல் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இன்னொரு கவிஞர் மிகேல் எர்னாந்தெஸ் 1942 மார்ச்சில் அலிகாந்தே சிறையில் காசநோயால் செத்துப்போனார், வயது 31. அல்பெர்த்தி, செர்னுதா, சலினாஸ் போன்ற கவிஞர்கள் எல்லாரும் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி, தணிக்கை, பஞ்சம். எர்னாந்தெஸ் இறந்த மறு ஆண்டு, 1943இல், கவிஞர் ஹோசே லூயிஸ் கானோவும் பதிப்பாளர் ஹுவான் கெரேரோ ருயிஸும் சேர்ந்து ஒரு கவிதை நூல்வரிசையையும் அதன் பெயரிலேயே ஒரு விருதையும் தொடங்குகிறார்கள். முதல் ஆண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். மூத்த தலைமுறையைக் கொன்றும் விரட்டியும் முடித்த ஒரு நாட்டில், அடுத்து யார் எழுதப்போகிறார்கள் என்று தேட இரண்டு பேருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1947இல் விருது ஹோசே இயெர்ரோவுக்குப் போனது. உள்நாட்டுப் போர் முடிந்த 1939இலேயே, பதினேழு வயதில் கைதாகி, 1944 வரை சிறையில் இருந்தவர். வெளியே வந்த மூன்றே ஆண்டுகளில் ‘மகிழ்ச்சி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்போடு வந்து நின்றார். அவரைச் சிறையில் வைத்த அதே ஆட்சியின் கீழேதான் இந்தப் பரிசு அவர் கைக்குப் போனது. பிற்பாடு, 1998இல், ஸ்பானிய இலக்கியத்தின் உச்ச விருதான செர்வாந்தெஸ் விருதையும் பெற்றார்.

அப்புறம் 1953. சமோரா என்ற சிறு நகரத்தைச் சேர்ந்த கிளாவ்தியோ ரொத்ரிகெஸின் புத்தகம் வென்றது; அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. ஊரைச் சுற்றியிருக்கும் வயல்வெளிகளில் நடந்துகொண்டே மனதுக்குள் வரிகளைக் கட்டிச் சேர்த்த புத்தகம் அது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஸ்பானியக் கவிதைநூல்களில் ஒன்றாக அதை இன்றும் வைத்துப் பேசுகிறார்கள். பெயரே கேள்விப்படாத ஒரு பையனின் கையெழுத்துப்படியை ஒரு நடுவர் குழு உட்கார்ந்து வாசித்து, இது பெரிய எழுத்து என்று அடையாளம் கண்டதே, அதுதான் இந்த மாதிரி விருதின் முழு வேலை.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது வென்றவர்களின் பட்டியல் கூட இல்லை. இந்த விருதில் ‘அக்சேசித்’ என்று ஒன்று உண்டு. நம் பழக்கத்தில் சொன்னால் ஆறுதல் பரிசு. ஆனால் அந்தப் புத்தகங்களும் அதே வரிசையில் வெளிவந்தன. ஆங்கெல் கொன்சாலெஸின் முதல் புத்தகம் அப்படி 1956இல் வந்ததுதான். அவர் இல்லாமல் ஐம்பதுகளின் ஸ்பானியக் கவிதையைப் பற்றிப் பேசவே முடியாது. 1959ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வென்றவர் பிரான்சிஸ்கோ பிரினெஸ். இறுதிச் சுற்று வரை வந்து தோற்றவர் அந்தோனியோ கமோனேதா. தோற்றவரின் நூலும் அடுத்த ஆண்டே அச்சாகிவிட்டது. கமோனேதாவுக்கு 2006இல் செர்வாந்தெஸ் கிடைத்தது, பிரினெஸுக்கு 2020இல். ஒரே ஆண்டுப் போட்டியிலிருந்து இரண்டு பேர்! முதல் இடத்துக்கு மட்டும் காசோலை கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பும் விருதால் இதைச் செய்திருக்கவே முடியாது.

எல்லா ஆண்டும் கண் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1949இல் பிளாஸ் தே ஒத்தெரோவின் தொகுப்பைத் தள்ளிவிட்டார்கள். அதில் கடவுளோடு அவர் போட்ட சண்டைதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மறு ஆண்டே வேறிடத்தில் அது புத்தகமாக வந்து, போருக்குப் பிந்தைய கவிதையின் மையத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பெண் இந்த விருதை வெல்ல 1956 வரை, மரியா எல்விரா லகாசி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1980இல் பிளாங்கா அந்திரேயு என்ற இருபத்தொரு வயதுப் பெண், கட்டறுத்துக்கொண்டு ஓடும் படிமங்களோடு வந்து அன்றைய இளங்கவிதையின் போக்கையே மாற்றினார்.

எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஸ்பானிய மொழி பேசுபவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது அமெரிக்கக் கண்டத்தில். எந்த நாட்டவரும் போட்டியிடலாம் என்பது விதி. கோஸ்தா ரிகாவின் லவ்ரெயானோ அல்பான் 1979இலும், எல் சால்வதோரின் ஹோர்ஹே கலான் 2006இலும் வென்றார்கள். ஆனாலும் பட்டியல் முழுவதையும் ஓட்டிப் பார்த்தால் ஸ்பெயின்காரர்களே நிறைந்திருக்கிறார்கள். பொகோத்தாவிலோ லிமாவிலோ எழுதும் ஒரு இளைஞர் தன் கையெழுத்துப்படியை மாட்ரிட்டுக்கு அனுப்பத் துணிய வேண்டுமென்றால், அங்கிருக்கும் கவிஞர்கள் நடுவர் குழுவில் இருக்க வேண்டும், புத்தகமும் அந்த ஊர்க் கடைகளில் கிடைக்க வேண்டும்.

இன்னொன்று வயது. 35க்கு மேல் போனால் போட்டியிட முடியாது. வளரும் கவிஞர் என்றால் இளைஞராகத்தான் இருக்க வேண்டுமா? அதே கமோனேதாவைப் பாருங்கள். பதினான்கு வயதில் லெயோன் நகரத்து வங்கி ஒன்றில் எடுபிடி வேலைக்குப் போனவர். முதல் புத்தகத்துக்குப் பிறகு நீண்ட மௌனம். இன்று நாம் கொண்டாடும் கமோனேதா உண்மையில் வெளிப்பட்டது 1977இல் வந்த நூலில், நாற்பத்தாறு வயதில். வேலை, பிள்ளைகள், வறுமை என்று கிடந்துவிட்டு நாற்பதில் பேனாவை எடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், அதிலும் பெண்கள் அதிகம். இதுவரை ஒரு கவிதைப் புத்தகமும் வராதவர் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தால் போதும். பிறந்த ஆண்டைக் கேட்காமல் கவிதையை வாசிக்கட்டும்.