எல்சிடியை அவசரப்பட்டுக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

"எல்சிடி டிவி இனிமே வராதாமே, இப்பவே மாத்திடலாமா?" புத்தூர், நகரி, திருத்தணி என்று எந்தப் பக்கம் போனாலும் சொந்தக்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். பண்டிகை நெருங்கினால் கடைகளில் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால் எங்கள் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப்பக்கத்துச் சின்ன ஊர்களில் எத்தனையோ நல்ல டிவிகள் எடைக்குப் போகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை.

உண்மைப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்சிடியை வீட்டுக்கு வீடு கொண்டுவந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்தத் தொழிலை விடுகின்றன. சாம்சங் 2022-ல் எல்சிடி பேனல், அதாவது திரைப் பலகை, உற்பத்தியை நிறுத்தியது. ஜப்பானில் ஷார்ப்பின் சகாய் ஆலை 2024-ல் டிவி பேனல் தயாரிப்பை முடித்துக்கொண்டது. சீனாவின் குவாங்சோவில் எல்ஜி வைத்திருந்த எல்சிடி ஆலை 2025-ல் அந்த நாட்டு டிசிஎல் குழுமத்தின் கைக்குப் போனது. பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிவிடும் ஓஎல்இடி என்ற வேறு வகைத் திரை 2017-ல் ஐபோனுக்குள் நுழைந்தது, 2025-ல் ஐபோன் 16இ வந்ததும் மொத்த வரிசையையும் பிடித்துவிட்டது.

ஆனால் டிவி விஷயம் வேறு. கடையில் எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி என்று அடுக்கி வைத்திருக்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே எல்சிடிதான். பின்னால் விளக்கு, முன்னால் அந்த வெளிச்சத்தை விடவும் மறைக்கவும் திரவப் படிகம். விளக்கு மாறியிருக்கிறது, நிறத்துக்குக் கூடுதலாக ஒரு படலம் சேர்ந்திருக்கிறது. எல்சிடி போய்விட்டது என்று பயந்து க்யூஎல்இடி வாங்குகிறவர் இன்னொரு எல்சிடியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

ஓஎல்இடியின் அழகை நான் மறுக்கவில்லை. 1987-ல் கோடாக் ஆய்வகத்தில் டாங்கும் வான் ஸ்லைக்கும் காட்டிய வழியில் வளர்ந்த நுட்பம் அது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும், தானே அணையும். அதனால் இருட்டுக் காட்சி நிஜமாகவே கறுப்பாகத் தெரியும். எல்சிடியில் அது சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் நிறம் மாறுவதும் எல்சிடியின் பழைய குறைதான். அந்தக் குறையைத் தணிக்க உதவிய படலங்களில் வட்டு வடிவ மூலக்கூறுகள் கொண்ட திரவப் படிகம் பயன்பட்டது. அந்த வகையை 1977-ல் கண்டறிந்து சொன்னது பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.சந்திரசேகரின் குழு. அவர் சி.வி.ராமனின் சகோதரி மகன். வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, எனக்குப் பெரிய கவலை ரிப்பேர்தான். எல்சிடி டிவியில் சத்தம் வந்து படம் வராவிட்டால், அறையை இருட்டாக்கிவிட்டு செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். உருவங்கள் மங்கலாக அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் பின்னாலிருக்கும் பேக்லைட்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குட்டி விளக்குகள் திருவிழாவில் கட்டும் சீரியல் செட் மாதிரி கோர்த்தவை. ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஸ்ட்ரிப் எனும் விளக்குப் பட்டையை வாங்கிவந்து, மெத்தைமேல் பேனலைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் படலங்களை விரல்ரேகை படாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மாற்றுவார். முடித்ததும் செட்டிங்கில் பேக்லைட்டைக் கொஞ்சம் குறைத்துத் தருவார். சூடு குறைந்தால் விளக்கு நீடிக்கும். எங்கள் வீட்டு 32 இன்ச்சுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது, இன்றும் ஓடுகிறது. பள்ளிப்பட்டுப் பக்கமிருந்துகூட வண்டியில் கட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் வருகிறார்கள். கண்ணாடி உடைந்தால் மட்டும் அவராலும் ஒன்றும் செய்யமுடியாது.

ஓஎல்இடியில் மாற்றுவதற்குத் தனியாக பேக்லைட்டே கிடையாது. பேனல் போனால் முழுப் பேனலையும் மாற்றவேண்டும். அந்தச் செலவே கிட்டத்தட்ட ஒரு புது டிவி விலைக்கு வந்துவிடலாம். அதிலிருக்கும் கரிமப் பொருள் ஓடஓடத் தேயும், நீலம்தான் சீக்கிரம் தேயும். நம் வீடுகளில் காலையில் போட்ட செய்திச் சேனல் ராத்திரி வரை ஓடும். கீழே ஓடும் பட்டையும் மூலையிலிருக்கும் சேனல் சின்னமும் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தடம் திரையில் நிரந்தரமாகப் பதியக்கூடும். அப்புறம் இன்னொன்று. இந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேலையை ஓஎல்இடி டிவிகள் ரிமோட்டில் மட்டும் அணைத்து, மின்சாரம் வந்துகொண்டிருக்கும் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் செய்துகொள்கின்றன. நாமோ தூங்கப்போகுமுன் சுவரில் சுவிட்சையே அணைக்கிற ஆட்கள். கடையில் எனக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை.

பழைய படக்குழாய் டிவிக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் நாம். 2006-ல் தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது திருத்தணியில் இருந்த உறவினர் வீட்டுக்கு வந்தது, எல்லைக்கு இந்தப் பக்கம் ஆந்திராவில் இருந்த எங்களுக்கு இல்லை. 2007 கடைசிக் காலாண்டிலேயே உலகச் சந்தையில் எல்சிடி டிவி விற்பனை படக்குழாயை முந்திவிட்டது. பாகம் வருவது நின்றதும் சின்னக் கோளாறு வந்த பெட்டிகள்கூட காயலான் கடைக்குப் போயின. ஈயம் கலந்த அந்தக் கண்ணாடியை வெறுங்கையால் உடைத்துச் செம்புக் கம்பி எடுத்தவர்களும் ஏழைகள்தான். எல்சிடிக்கும் அதே கதி வரக்கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

திருப்பதி பக்கத்திலேயே டிசிஎல்லின் டிஸ்பிளே ஆலை இருக்கிறது, டிக்சன் என்ற கம்பெனி அங்கே டிவி செய்கிறது. ஆனால் பேனலின் கண்ணாடியை உருவாக்கும் ஆலை இந்தியாவில் இன்னும் இல்லை. அது வெளிநாட்டிலிருந்து வருகிறது. அங்கே ஒரு ஆலை மூடினால் இங்கே மெக்கானிக்கின் கை கட்டிப்போகும். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது. ஒவ்வொரு டிவி மாடலுக்கும் ஸ்ட்ரிப், போர்டு, பேனல் என்ன விலை, விற்பனை நின்றபின் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதை எல்லாக் கம்பெனிகளும் அங்கே போட்டாகவேண்டும் என்று சட்டம் வரவேண்டும். வெளி மெக்கானிக்குக்கும் அதே விலையில் பாகம் கொடுக்கவேண்டும்.

இருட்டு அறையில் படம் பார்க்கும் ஆசையும் கையில் பணமும் இருந்தால் ஓஎல்இடி வாங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைக்காதீர்கள். நாள் முழுக்கச் செய்தியும் சீரியலும் ஓடும் வீட்டுக்கு எல்சிடி வகையே போதும். எதை வாங்கினாலும் பில் போடுமுன் வாரண்டி முடிந்தபிறகு பேனல் என்ன விலை என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அடுத்த கடையில் கேட்டுப் பாருங்கள்.