பழைய லைசென்ஸ் எல்லா கிளவுடிலும் செல்லாது

சேலம் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஆபீஸ் சர்வருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட் லைசென்ஸை எந்த கிளவுடிலும் போட்டுக்கொள்ளலாம், தனிக் காசு வேண்டாம்." இது தவறு. (கிளவுட் என்றால் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்.)

எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) லைசென்ஸை அமேசான், கூகுள் கிளவுடில் பலரும் பகிரும் சர்வருக்குக் கொண்டுபோக, அதற்கு நடப்பில் உள்ள சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ், அதாவது லைசென்ஸோடு தனியாகக் காசு கட்டி எடுக்கும் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம், வேண்டும். கிளவுடில் போட்ட 10 நாளுக்குள் மைக்ரோசாஃப்டிடம் சரிபார்ப்புப் படிவமும் கொடுக்க வேண்டும். சர்வரை இயக்கும் விண்டோஸ் சர்வர் மென்பொருளுக்கோ, லைசென்ஸை அங்கே கொண்டுபோகும் இந்தச் சலுகையே கிடையாது. அங்கே விண்டோஸ் உள்ள பகிர்வு சர்வர் எடுத்தால் விண்டோஸ் லைசென்ஸ் கட்டணம் வாடகையிலேயே சேர்ந்து வரும். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கிளவுடான அஸூரில், இருக்கும் லைசென்ஸைப் பயன்படுத்த விடும் ஹைப்ரிட் பெனிஃபிட் சலுகை உண்டு, சரி, ஆனால் வெறும் பழைய லைசென்ஸ் அதற்கும் போதாது.

மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'ப்ராடக்ட் டெர்ம்ஸ்' பக்கத்தில் இதெல்லாம் இருக்கிறது. நூல் மில்லோ ஜவ்வரிசி ஆலையோ, மைக்ரோசாஃப்டின் லைசென்ஸ் ஆடிட் வந்தால் செலவு முதலாளி தலையில்தான் விழும், ஃபார்வர்டு செய்தவர் வந்து கட்டமாட்டார். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.