ஆறு செல் பேக்: எங்கே கோட்டை விடுகிறோம்

ஆர்சி காருக்கு (ரிமோட்டில் ஓடும் மாடல் கார்) பேட்டரி பேக் கட்டப்போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி "எத்தனை எம்ஏஎச்?" என்பதுதான், அதாவது மில்லி ஆம்பியர்-மணியில் எவ்வளவு கொள்ளளவு. 4200-ஆ 5000-ஆ என்று பேசியே பாதி நேரம் போய்விடுகிறது. கையால் கட்டிய பேக் சொதப்புவதற்கு எம்ஏஎச் காரணமாக இருப்பது அபூர்வம். செல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்காது, அல்லது ஈயப்பற்று (சால்டரிங்) கேவலமாக இருக்கும். என் கட்சி இதுதான்: 5000 எம்ஏஎச் செல்களைக் கண்டபடி கோத்த பேக்கைவிட, பொறுக்கியெடுத்த 3300 எம்ஏஎச் செல்களில் சுத்தமாகக் கட்டிய பேக் நன்றாக ஓடும்.

இங்கே பேசுவது 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக்கைப் பற்றி. சப்-சி அளவு (குட்டையான தடித்த உருளை) செல் ஆறு, எல்லாம் தொடர் இணைப்பில்.

முதலில் பொறுக்குதல். எல்லாச் செல்லையும் முழுக்கச் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஆம்பியரில் 0.9 வோல்ட் வரை இறக்குங்கள். எத்தனை நிமிடம் தாங்கியது என்று செல்லின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். 4200 எம்ஏஎச் செல் 5 ஆம்பியரில் ஏறக்குறைய 50 நிமிடம் நிற்கும். ஆறுக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. அதனால் ஆறு செல் வேண்டுமென்றால் குறைந்தது எட்டு வாங்க வேண்டும். வீண் செலவு என்று தோன்றும், ஆனால் இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? தொடர் இணைப்பில் ஆறு செல்லுக்குள்ளும் ஒரே கரண்ட்தான் ஓடும். நோஞ்சான் செல் முதலில் காலியாகும். மற்ற ஐந்தும் நிற்காமல் அதன் வழியே கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதன் பிளஸ் மைனஸ் தலைகீழாகத் திரும்பிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து செல் தலா 1.1 வோல்ட், மொத்தம் 5.5. ஆறாவது மைனஸ் 0.1. மீட்டரில் 5.4 காட்டும். செல்லுக்கு 0.9 வீதம் சரியான கட்-ஆஃப்தானே (ஓட்டத்தை நிறுத்தும் வோல்ட்) என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், உள்ளே ஒன்று செத்துக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறி வால்வு திறந்து, பிளஸ் முனையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கதை அதுதான். அந்தப் பொடி காரம், வெறுங்கையால் சுரண்டாதீர்கள்.

அடுத்தது பற்றவைப்பு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதுவும் சின்ன சால்டரிங் அயர்னை நம்பி. 25 வாட் அயர்ன் செல்லைத் தொட்டதுமே அதன் முனை குளிர்ந்துவிடும், ஏனென்றால் அவ்வளவு பெரிய எஃகு டப்பா சூட்டை உறிஞ்சிவிடும். ஈயம் உருகட்டும் என்று 15, 20 விநாடி அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் சூடு உள்ளே இறங்கி, பிளஸ் பக்கத்து சீலையும் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலத்தையும் கெடுத்துவிடும். செல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பெரிய அயர்ன்தான் வேண்டும் என்பது கேட்க முரணாக இருக்கும். 80 முதல் 100 வாட், அகலமான உளி முனை, 400 டிகிரி. ஒரு முனைக்கு இரண்டு மூன்று விநாடி. பிடிக்கவில்லையா, அயர்னை எடுத்துவிட்டுச் செல் ஆறும்வரை காத்திருங்கள்.

அதற்கு முன்பு இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவ வேண்டும். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போகாதீர்கள். ஜோராகப் பிடிக்கும், சில வாரத்தில் அரித்துவிடும். செல்லுக்குத் தனியாக ஈயம், இணைப்புப் பட்டைக்குத் தனியாக ஈயம், பிறகு இரண்டையும் வைத்து ஒரே அழுத்து. ஈயம் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று பரந்திருக்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் அது ஒட்டவில்லை, உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. பிளஸ் பொத்தானைச் சுற்றியுள்ள விளிம்பு பிளஸ் இல்லை, மைனஸ். டப்பா முழுக்கவே மைனஸ்தான், நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும். பட்டை அந்த விளிம்பில் உராய்ந்து உறை கிழிந்தால் நேரடி ஷார்ட். ஒவ்வொரு பிளஸ்ஸிலும் காப்பு வளையம் போடுங்கள். செல் முழுச் சார்ஜில் இருக்கும்போது இந்த வேலையைத் தொடவும் வேண்டாம்.

ஒரு பற்றில் 5 மில்லி ஓம் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 30 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்தில் 0.15 வோல்ட் தொலையும், 4.5 வாட் சூடாகும். நகத்தளவு இடத்தில் 4.5 வாட்! பேக்கில் அப்படி மூன்று இடம் இருந்தால் கிட்டத்தட்ட அரை வோல்ட் மோட்டாருக்குப் போய்ச் சேராது.

வயர் 12 கேஜ் சிலிக்கான். மீட்டருக்கு ஐந்து மில்லி ஓம் சொச்சம், ஆக 20 செ.மீ.க்கு ஒரு மில்லி ஓம். தேவைக்கு மேல் நீளம் விடாதீர்கள். பழைய வெள்ளை டாமியா கனெக்டரை அதிவேக மோட்டாரோடு போட்டால் உருகும், எக்ஸ்டி60 மாதிரி ஒன்று போடுங்கள். உலோகம் வெளியே நீட்டாமல் துளைக்குள் மறைந்திருக்கும் பெண் பக்கம் பேட்டரியில் வர வேண்டும். ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் உறை) முதலில் வயரில் கோத்துவிட்டுப் பிறகு பற்றவையுங்கள் (இதை மறக்காதவர் யாருமில்லை).

முதல் சார்ஜ் மெதுவாக: 4200 என்றால் 420 மில்லி ஆம்பியர், 14 முதல் 16 மணி நேரம். பிறகு லோடு சோதனை. 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஆறை இணையாகக் கொடுத்தால் 20 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். 8.1-ல் நின்ற பேக் 7.5-க்கு இறங்கினால் மொத்தம் 30 மில்லி ஓம், நல்ல பேக். பல்பு எரியும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு பற்றின் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். 2 முதல் 5 காட்டினால் சரி. 30 காட்டுகிற இடத்தை மறுபடி செய்ய வேண்டியதுதான். இந்த ஐந்து நிமிட வேலையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

லித்தியம் கட்டலாமா என்றால், பை வடிவ லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் வேண்டாம், ஆயத்தமாக வரும் ஹார்டு கேஸ் வாங்கிவிடுங்கள். அதன் அலுமினிய நாக்கில் சாதாரண ஈயம் பிடிக்காது, உறையில் ஒரு கீறல் விழுந்தால் தீ. 18650 உருளைச் செல் என்றால் ஸ்பாட் வெல்டிங் மட்டும், அயர்ன் கூடாது. நிக்கல் பட்டை அசலா, முலாம் பூசிய எஃகா என்று பார்க்க, ஒரு துண்டைச் சுரண்டி இரவு முழுக்க உப்பு நீரில் போடுங்கள், துருப்பிடித்தால் எஃகு. இணையாகச் சேர்க்கும் இரண்டு செல்லின் வோல்ட்டேஜ் 0.05-க்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் வித்தியாசத்தோடு சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பல ஆம்பியர் பாயும். நிக்கல் பேக்குக்கான சார்ஜரில் லித்தியம் பேக்கை ஒருபோதும் மாட்டக்கூடாது.

இரண்டு லித்தியம் செல் தொடரில் இருந்தால், ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாக அளக்க உதவும் பேலன்ஸ் வயர் மூன்று வரும். சார்ஜரில் செருகும் முன் மீட்டரின் கருப்பு முனையைப் பேக்கின் மைனஸில் வைத்து மூன்று பின்னையும் வரிசையாகத் தொடுங்கள்: 0, 3.7, 7.4 என்று ஏற வேண்டும். வரிசை தப்பினால் பின்னை நெம்பி எடுத்து இடம் மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், எடுத்த பின்னில் உடனே டேப் சுற்றிவிட்டு.