தூண்களில் தொங்கும் நாடக அரங்கு

பழைய பொதுக் கட்டடத்தை நாடக அரங்காக மாற்றத் திட்டம் போடுகிறவர்கள், முதலில் மான்செஸ்டரின் ராயல் எக்ஸ்சேஞ்சைப் படிக்க வேண்டும். பருத்தி வியாபாரிகள் கூடிப் பேரம் பேசிய மாபெரும் மண்டபம் அது. 1968இல் வியாபாரம் நின்றது, 1976இல் நாடகம் குடிவந்தது. கடைசி நாள் விலைப் பலகையை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் தரைதான். கூட்டம் நெருக்கி நிற்கும் இடத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ என்று பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். அரங்கத்தின் எடையையும் பார்வையாளர்களின் எடையையும் சேர்த்துச் சுமக்க அந்தத் தரையால் முடியாது. அதற்காகத் தரையைப் பெயர்க்கவில்லை. குவிமாடத்தைத் தாங்கி நின்ற நான்கு பெருந்தூண்களிலிருந்து, ஏழு பக்கம் கொண்ட இரும்பு, கண்ணாடிக் கூடு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். எடை சுமார் 150 டன். ஆடுகளமும் கீழ்த்தட்டு இருக்கைகளும் மட்டும் தரையில். மேலே உள்ள இரண்டு மாடங்களின் பாரமும் தூண்களுக்குப் போகிறது. மொத்தம் 700 பேர் வரை உட்காரலாம். என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை இதுதான்.

நாலாபுறமும் பார்வையாளர் என்பதால் நாடகத்தின் இலக்கணமே மாறிவிடும். பின்திரை கிடையாது, பக்கத் திரை கிடையாது. உயரமான அலமாரி ஒன்றை வைத்தால் ஒரு பக்கத்துக்கு நாடகமே மறையும். அதனால் மேசை, நாற்காலி எல்லாம் தாழ்வாகவே இருக்க வேண்டும். மாடத்தில் இருப்பவர் மேலிருந்து பார்ப்பதால் தரையின் நிறமும் வரைவுமே காட்சியமைப்பு. விளக்கைத் தாழ்வாகச் சாய்த்தால் எதிர்ப்பக்கத்தாரின் கண் கூசும், நேர் மேலிருந்தே அடித்தால் நடிகரின் கண்குழி இருண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் கோணம் பிடித்து, ஒரே ஆளுக்குப் பல திசையிலிருந்து ஒளி தர வேண்டும். நடிகர் எப்போதும் யாருக்கோ முதுகு காட்டுவார். நீண்ட வசனத்தை ஒரே இடத்தில் நின்று பேசவிடும் இயக்குநர் பாதிப் பேரை இழப்பார்.

1996 ஜூன் 15 அன்று, வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு அருகிலேயே வெடித்தது. குவிமாடம் இடம் பெயர்ந்தது, ஆனால் கட்டடத்தின் முக்கியக் கட்டமைப்பு தப்பியது. பழுதுபார்க்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது, செலவு 3.2 கோடி பவுண்டு. அதுவரை ஒரு பழைய சந்தைக் கட்டடத்தில் நாடகம் நடந்தது. 1998 நவம்பரில் திரும்பி வந்தார்கள்.

இருக்கை எண்ணிக்கையை அறிவித்துவிட்டுப் பிறகு பொறியாளரைக் கூப்பிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் தரையும் தூணும் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள், பிறகு மேடையின் வடிவம், கடைசியில் இருக்கை. மாடத்தில் ஏறும் ஆட்களோடு, தொங்கும் விளக்குகளின் எடையும் அந்தக் கணக்கில் இருக்கட்டும்.