ஆமாம், ஆப்பிரிக்காவிலும் குளிருகிறது

நேற்றுப் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரியே பதில் எழுத உட்கார்ந்தேன். அப்போது எழுதியிருந்தால் நாலு பேர் மனம் புண்பட்டிருக்கும். அதனால் தூங்கி எழுந்து, காபி குடித்து, நிதானமாக எழுதுகிறேன். இதுதான் என் நிதானம்.

நான் போட்டது என்ன? போர்வைக்குள் இரண்டு கால், பக்கத்தில் காஸ் ஹீட்டர், மடியில் ஒரு கிண்ணம் சூப். "ஜோபர்க்கில் காலையில் 2 டிகிரி. சுகம்" என்று ஒரு வரி (ஜோபர்க் என்றால் ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்காவில் நான் இருக்கும் ஊர்). அவ்வளவுதான். அதற்கு டொராண்டோ அண்ணன் வந்து, "2 டிகிரிக்கே போர்வையாம்மா? நாங்க மைனஸ் 30ல டி-ஷர்ட்டோட போய் குப்பை கொட்டிட்டு வருவோம். ஆப்பிரிக்காவுல குளிராம், கேட்டுக்கோங்க மக்களே" என்று எழுதிவிட்டுப் போனார். 43 ஹாஹா. எண்ணினேன், ஆமாம்.

அண்ணே, அங்கே குப்பை கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் சுகம் என்றுதானே எழுதினேன்? சாதனை என்று எழுதினேனா? மெடல் கேட்டேனா?

டொராண்டோவில் மைனஸ் 30 என்பதே பெரும்பாலும் காற்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. சரி, அதை விடுங்கள். அங்கே வாடகை வீட்டுக்குள் குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று நகரச் சட்டமே இருக்கிறது. வீட்டில் 21, காரில் 21, ஆபீசில் 21. நடுவில் குப்பைத் தொட்டி வரைக்கும் நாற்பது அடி. அந்த நாற்பது அடிக்குத்தான் இந்த அலட்டல். ஜோபர்க்கின் ஒரு பகுதியான மிட்ராண்டில் இருக்கும் எங்கள் வீட்டில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. இந்த ஊரில் அநேகமாக எந்த வீட்டிலும் கிடையாது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தரை முழுக்க டைல்ஸ், கதவுக்கு அடியில் விரல் போகிற அளவுக்குச் சந்து. இன்று காலை ஆறு மணிக்குப் படுக்கையறைக் கடிகாரம் 11 டிகிரி காட்டியது. படுக்கையறையில்! நீங்கள் குளிரைக் கடந்து போகிறீர்கள். நாங்கள் அதோடு குடித்தனம் நடத்துகிறோம்.

குடித்தனம் நடத்துகிறவருக்குத்தான் அதன் சுகமும் தெரியும். இதைத்தான் நேற்று ஒரு வரியில் சொன்னேன், இன்று விரித்துச் சொல்கிறேன். சின்னக் குளிர்தான் சுகம். மைனஸ் 30ல் என்ன சுகம்? அது பிழைத்திருத்தல். சுகம் என்பது இரண்டு டிகிரியில் விடிந்து, பத்து மணிக்கு வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்கிற குளிர். ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். மழையெல்லாம் கோடையில்தான். குளிர்காலத்தில் வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருக்கும், வாரக்கணக்கில் ஒரு மேகம் வராது. புல் முழுக்க வைக்கோல் நிறம். எங்கோ காட்டுப்புல் எரிகிற வாசனை. கார் கதவைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும், அவ்வளவு வறட்சி. துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மத்தியானத்துக்குள் அட்டை மாதிரி விறைத்துக் காய்ந்துவிடும்.

இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும் என்பது வந்த புதிதில் எங்களுக்கு உறைக்கவே இல்லை. மாமனார் போனில் கிழக்குப் பார்த்த வாசலாகப் பார் என்றார். வீட்டு புரோக்கர் வடக்குப் பார்த்த வீடு, வடக்குப் பார்த்த வீடு என்று இரட்டை வாடகை சொன்னார். இவருக்கு எதற்கு வாஸ்து என்று சிரித்துக்கொண்டே, படுக்கையறை தெற்குப் பார்த்த வீட்டை மலிவாக எடுத்தோம். அந்த வருஷம் மே முதல் ஆகஸ்ட் வரை அந்த அறைக்குள் ஒரு சொட்டு வெயில் விழவில்லை. சுவரைத் தொட்டால் ஃப்ரிட்ஜைத் தொட்ட மாதிரி இருக்கும். நான் சாத்தூர்க்காரி. வெயிலுக்காக ஒருநாள் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2014 ஜூனில் அம்மா வந்தார். வந்த மூன்றாம் நாளே, பூனை மாதிரி, எந்த மணிக்கு எந்த மூலையில் வெயில் விழும் என்று கண்டுபிடித்துவிட்டார். எட்டு மணிக்குச் சமையலறைப் படி, பதினொன்றுக்கு முன்வாசல், மூன்று மணிக்குத் துணிக்கொடி ஓரம். நாற்காலி அவரோடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) கார் நின்றபோது, ஒரு பையன் வலைப்பையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து "நார்ச்சி, நார்ச்சி" என்றான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏட்டி, இவன் நாரத்தைங்கிறானே!" என்றார். நான் சும்மா இரும்மா என்று அதட்டினேன். பிறகு தேடிப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. இந்த நாட்டு மொழிகளில் ஒன்றான ஆஃப்ரிகான்ஸில் ஆரஞ்சு வகைக்கு வழங்கும் அந்தச் சொல் நம் நாரத்தையிலிருந்து வந்தது என்றே அகராதிகள் சொல்கின்றன. அன்று சாயங்காலம் துணிக்கொடி ஓரம் உட்கார்ந்து அம்மா அந்தப் பையைக் காலி செய்தார். பழம் ஐஸ் மாதிரி ஜில்லென்று, முதுகில் வெயில். தோலைக்கூட விடவில்லை, முறத்தில் பரப்பிக் காயவைத்தார். இரண்டே நாளில் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இதையெல்லாம் ஒரு வரியில் எழுதினால் "சுகம்" என்றுதானே வரும்?

ஆடி மாதத்தைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே நம் பஞ்சாங்கமே தலைகீழ். மார்கழியில் சாயங்காலம் நாலு மணிக்கு இடி மின்னலோடு ஆலங்கட்டி மழை. தைப்பூசக் காவடி கொதிக்கிற வெயிலில். ஆடிதான் உச்சக் குளிர். 1860 நவம்பர் 16ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் இந்த நாட்டு டர்பன் துறைமுகத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் மாரியம்மனையும் கூழையும் கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தை அவர்கள் கேட்கவில்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. ஜோபர்க்கில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் லெனேசியாவில் எனக்குப் பழக்கமான ஓர் ஆன்ட்டி, ஐந்தாம் தலைமுறை, தமிழ் நாலு வார்த்தை தெரியும், அம்மனுக்குக் கூழ் வார்ப்பதை "பாரிட்ஜ் பிரேயர்" என்றுதான் சொல்வார். புளித்த சோள மாவுக் கூழை டம்ளரில் சுடச்சுட ஊற்றி என் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிவிடுவார். நம் ஊரில் உடம்பு குளிர்வதற்குக் கூழ். இங்கே கை சூடாவதற்குக் கூழ். மைனஸ் 30காரர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை. "கூழா? நாங்க..." என்று ஏதாவது ஆரம்பிப்பார்.

"குளிரில் தெருவில் படுத்திருப்பவர்களை நினைத்தீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் காம்ப்ளெக்ஸ் வாசலில் காவலுக்கு இருப்பவர் ஓட்டை போட்ட தகர டின்னில் கட்டை எரித்துக்கொண்டு விடிய விடிய நிற்கிறார். அதே மாதிரி டின்னைத் தகரக் கொட்டகைக்குள் வைத்துத் தூங்கிப் புகையில் இறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காவல்காரருக்கு இந்த இரண்டு டிகிரி சுகமில்லை. டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். அதைத் தவிர இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் "ஏன் இவ்வளவு சென்சிடிவ்வா இருக்கீங்க, ஜோக்தானே" என்று கேட்டவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஜோக் இல்லை. ஊருக்குப் போனால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதே ஜோக். கனடாக்காரர் வந்தால் முன்வரிசை நாற்காலி. என்னைப் பார்த்தால், "அங்க சிங்கம் வருமா?" "பயமில்லையா?" "வேற நாடு கிடைக்கலையா?" பதின்மூன்று வருஷமாகக் கேட்கிறேன். வெயில் நாட்டுக்குப் போனவள் வெயிலைப் பற்றித்தான் பேச வேண்டும், பனிக்கெல்லாம் அவர்களிடம் பட்டா இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 7ல் ஜோபர்க்கில் பனி விழுந்தது. ஆபீஸ் மொத்தமும் கார் பார்க்கிங்கில் நின்று வாயைப் பிளந்து பார்த்தோம். அம்மாவுக்குப் போன் போட்டால், "உப்பு மாதிரியா, பஞ்சு மாதிரியா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் ஒரு பிடி அள்ளி டிபன் டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தேன், காட்டலாம் என்று. அம்மா வருவதற்குள் அது வெறும் ஐஸ் கட்டியாகிவிட்டது. 2023 ஜூலை 10ல் மறுபடி விழுந்தபோது படம் போட்டேன். "ஃபோட்டோஷாப்பா?" என்று கேட்டவரும் இதே அண்ணன்தான். நான் மறக்கவில்லை.

யாருக்குக் குளிர் அதிகம் என்று நான் போட்டிக்கு வரவே இல்லை. வந்தாலும் தோற்றுத்தான் போவேன், எனக்குத் தெரியும். சில்லிட்ட காலைப் போர்வைக்குள் நுழைத்து, ஹீட்டரின் முதல் தட்டு சிவக்கிறவரை காத்திருக்கிற அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்திருந்தது. சொன்னேன். தெரிந்தவர்களிடம் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னேன்.

காஸ் சிலிண்டர் இன்று மத்தியானம் தீர்ந்துவிட்டது. 9 கிலோ சிலிண்டர், மாற்றிக்கொண்டு வர வேண்டும். நாளை லெனேசியாவில் கூழ். படம் போடுவேன்.

தம்பி, அந்த 43ல் முதல் ஹாஹா உன்னுடையது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.