1940: ரத்தான ஒலிம்பிக்கும் தப்பித்துக்கொண்ட கமிட்டியும்

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று யார் சொன்னாலும் எனக்கு 1940 குளிர்கால ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும். நடக்காமலே போன போட்டி. "இரண்டாம் உலகப் போரால் ரத்து" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் ஒலிம்பிக் கமிட்டி சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது.

முதலில் ஜப்பானின் சப்போரோவுக்குக் கொடுத்தார்கள். 1937இல் சீனாவோடு போர் மூண்டது; மறு ஆண்டு ஜப்பானே கைகழுவிவிட்டது. அப்புறம் சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ். அங்கே தகராறு வேறு: காசு வாங்கிக்கொண்டு பனிச்சறுக்கு சொல்லித்தருபவர்களை அமெச்சூர் (காசுக்காக ஆடாத) வீரர்களாகச் சேர்க்கலாமா, கூடாதா? ஐரோப்பா பற்றியெரியப் போகிற நேரத்தில் இவர்கள் கவலை அது! அந்த ஏற்பாடும் முறிந்தது.

கடைசியில், 1939 ஜூனில், ஜெர்மனியிடம் போய் நின்றார்கள். 1936இல் நடத்திய அதே கார்மிஷ்-பார்டென்கிர்ஷென். ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் நுழைந்தது அந்த மார்ச்சில்தான். முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் போலந்தின் மீது படையெடுப்பு. நவம்பரில் ஜெர்மனி போட்டியைத் திருப்பிக் கொடுத்தது. கவனியுங்கள், கமிட்டி பறிக்கவில்லை, அவர்களாகத்தான் கொடுத்தார்கள்.

1944க்கு இத்தாலியின் கோர்டினா. அதுவும் நடக்கவில்லை. ஆனால் அதே ஊரில் 1941இல், போருக்கு நடுவே, உலகப் பனிச்சறுக்குப் போட்டி நடத்திப் பதக்கம்கூட கொடுத்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்கு வேண்டிய நாட்டுக்காரர்கள். 1946இல் அந்த முடிவுகளை எல்லாம் செல்லாது என்று தள்ளினார்கள்.

வீரர்கள் கதைக்கு வருவோம். போலந்தின் ப்ரொனிஸ்வாவ் செக் மூன்று ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட பனிச்சறுக்கு வீரர். நாஜிகளுக்குத் தெரியாமல் மலை தாண்டித் தகவல் கொண்டுபோனார். பிடித்து அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள், அங்கே போன முதல் போலந்துக் கைதிகளோடு. 1944இல் அங்கேயே செத்துப்போனார்.

நார்வேயின் பிர்கர் ரூட் 1932, 1936 இரண்டிலும் ஸ்கீ ஜம்பிங்கில் (பனிச்சறுக்குத் தாவல்) தங்கம். நாஜிகளோடு ஒத்துழைக்க மாட்டேன் என்றதற்குச் சிறை. 1948இல் செயிண்ட் மோரிட்ஸுக்குப் பயிற்சியாளராகப் போனவர், தானே களத்தில் இறங்கி வெள்ளி வாங்கினார். வயது 36! 1940 நடந்திருந்தால் அவருக்கு 28தான்.

கோடை ஒலிம்பிக்கில் நடக்காத போட்டிக்கும் எண் உண்டு: 1936 பதினொன்றாவது, 1948 பதினான்காவது. குளிர்காலத்தில் 1936 நான்காவது, 1948 ஐந்தாவது. இடையில் எதுவுமே இல்லை. நடக்காத 1940, 1944 இரண்டுக்கும் எண் போட வேண்டும் என்பது என் கட்சி. எண் இருந்தால்தானே, அந்த வருடம் யாரிடம் கொடுத்திருந்தீர்கள் என்று நாலு பேர் கேட்பார்கள்.