டைல்ஸ் கல்லைவிடச் சிறிய பெட்டி

போன வாரம் கல்யாணப் பந்தியில் சித்தப்பா சொன்னார்: "சந்தேகத்தில் பிடிபட்டவனை நாலு தட்டு தட்டினால் உண்மை தானாக வந்துவிடும்." பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. சித்தப்பா இதைப் படிப்பார், அதனால் இங்கேயே சொல்கிறேன்.

இப்னு ஷேக் அல்-லிபி, லிபியாக்காரர். அல்-கொய்தாவோடு தொடர்புடையவர் என்று 2001 இறுதியில் பாகிஸ்தானில் பிடிபட்டார். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அதிகாரிகள் பேசியே விசாரித்தார்கள், அவரும் பேசினார். அது போதவில்லை என்று அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அவரை எகிப்துக்கு அனுப்பியது. அங்கே கேட்டது, அல்-கொய்தாவுக்கும் இராக்குக்கும் என்ன தொடர்பு என்று. ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி ஒன்றில் 17 மணி நேரம் தன்னை அடைத்துவைத்ததாகப் பின்னர் அவர் சொன்னது அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி டைல்ஸ். நேற்று டேப் வைத்து அளந்தேன். ஒரே கல்லுக்குள் அந்தப் பெட்டி அடங்கிவிடுகிறது, சுற்றிலும் இடம் மிச்சம். அந்த அளவுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

அல்-லிபியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, கால் மணி நேரம் முஷ்டியால் குத்தினார்கள் என்றும் அவர் சொன்னார். உடனே கதை வந்தது. அல்-கொய்தா ஆட்கள் அணு ஆயுதம் பற்றி அறிய இராக் போனார்கள் என்றார். சில நாள் கழித்து உயிரி ஆயுதம் பற்றிக் கேட்டார்கள். அவருக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. பொய் சொல்லவும் விஷயம் தெரிய வேண்டுமே! கதை கட்ட முடியாததற்காக, தழும்பு தெரியாதபடி அடித்தார்கள்.

எகிப்திலிருந்து வந்த கதைகளில் ஒன்று, அல்-கொய்தாவுக்கு இராக் ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்பது. 2003 பிப்ரவரி 5 அன்று அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் அதை ஐ.நா. பாதுகாப்பு சபையில் உலகத்துக்கே சொன்னார். அடுத்த மாதம் அமெரிக்கா இராக் மீது போர் தொடுத்தது. 2004-இல் அல்-லிபி எல்லாம் பொய் என்றார், சி.ஐ.ஏ.யும் அந்தத் தகவல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இராக்கில் செத்தவர்களை யார் திரும்பக் கொண்டுவருவது?

"குண்டு வெடிக்கப் போகிறது, என்ன செய்வாய்?" என்று கேட்பீர்கள். அந்த நேரத்திலும் அடிபடுபவன் அடி நிற்பதற்கு எது வேண்டுமோ அதைத்தான் சொல்வான். போலீஸ் தப்பான தெருவில் தேடிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் இது தெரியாத விஷயமும் இல்லை. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது என்று 1872-இன் சாட்சியச் சட்டமே சொன்னது. பிறகும் லாக்கப்பில் அடி நிற்கவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் செத்தார்கள். அவர்களிடமிருந்து என்ன உண்மை வர வேண்டியிருந்தது? கடையை எத்தனை மணிக்குச் சாத்தினார்கள் என்பதா?

ஆவணியில் அடுத்த கல்யாணம் இருக்கிறது, சித்தப்பா. பக்கத்து இலையிலேயே உட்காருகிறேன். பதில் சொல்லுங்கள்.